முதுகுப் பலகை

கிடாருக்குக் குரல் கொடுக்கிற ஸ்பீக்கர் ஒன்றுக்கு, தான் குடியிருந்த பெட்டியின் மேல் தீராத மனக்குறை. முதுகுப் பலகையே இல்லாத பெட்டி அது.

"அண்ணே, நான் பாடுறதுல பாதி உன் முதுகு வழியா வீணாப் போகுது," என்றது ஒரு நாள்.

"வீணா எங்கடா போகுது? பின்னால டிரம்ஸ் அடிக்கிற ரூபன் அதைக் கேட்டுத்தானே அடிக்கிறார்," என்றது பெட்டி.

"அவரா நமக்குக் கைதட்டப் போறார்?"

அன்றிலிருந்து ஸ்பீக்கர் வேண்டுமென்றே கரகரத்தது. கிடார்காரர் பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்து, ஸ்பீக்கரைக் கழற்றி, முதுகையும் பலகை போட்டு அடைத்த கனத்த பெட்டி ஒன்றில் மாட்டினார்.

அடுத்த கச்சேரியில் அதன் குரல் முழுக்க முன்னால் பாய்ந்தது. முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. ஸ்பீக்கருக்குப் பெருமை பிடிபடவில்லை. பின்னால் ரூபனுக்கோ தன் டிரம்ஸைத் தவிர எதுவும் காதில் விழவில்லை. எட்டி எட்டிப் பார்த்தார். தாளம் பின்தங்கியது, பாட்டு தடுமாறி நடுவிலேயே நின்றுபோனது. கூட்டத்தில் ஒரு கைகூடத் தட்டவில்லை.

"ரூபன் அண்ணே, என்ன ஆச்சு?" என்று பின்பக்கமாகக் கூப்பிட்டது ஸ்பீக்கர்.

கூப்பிட்ட குரல் முதுகுப் பலகையில் மோதி அதனிடமே திரும்பி வந்தது.