ஆட்டுக்கு அரை டிக்கெட்

ஆடு பஸ்ஸுக்குள் ஏறியதும் லேபில் முதல் சிரிப்பு கிளம்பியது.

சிரித்தவர் எங்கள் புராஜெக்டுக்கு மார்க் போட மதுரையிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல். காலையிலிருந்து சம்பளப் பட்டியலும் நூலகக் கணக்குமாகப் பார்த்துப் பார்த்து அவர் முகம் காய்ந்துபோயிருந்தது.

எங்களுடையது கார்ட்டூன்.

ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகிற ஒரு டவுன் பஸ். படிக்கட்டில் ஆட்கள் தொங்குகிறார்கள். ஆற்றுப் பாலத்தின் மேல் போகும்போது, ஏறிய ஆடு முன்சீட்டுக்காரியின் தலைப்பூவைத் தின்னத் தொடங்குகிறது. கண்டக்டர் விசிலை எடுக்கிறார்.

"ஏ அண்ணாச்சி, பைய உள்ள தள்ளும் வே. ஆட்டுக்கு அரை டிக்கெட்டு, கொம்புக்குத் தனி டிக்கெட்டு. கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, பாளை பஸ்டாண்டு எல்லாம் எறங்கு."

ஒரே மூச்சில் அத்தனையும்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வகுப்பு முழுவதும் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றது. தொண்ணூற்றெட்டில் எங்கள் கல்லூரி லேபில் சவுண்டு கார்டு உள்ள கம்ப்யூட்டர் அது ஒன்றுதான்.

கார்ட்டூன் என்றதுமே துறைத்தலைவர் யோசித்தார். எக்ஸ்டர்னல் ஒத்துக்கொள்ளாவிட்டால் இரண்டு பேருக்கும் அரியர்தான், பிறகு என்னிடம் வந்து அழக்கூடாது என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு பேர் என்றால் பரமசிவனும் நானும். ஆங்கில எழுத்து வரிசையில் அவன் பெயருக்கு அடுத்தது என் பெயர், ரீபா. அப்படித்தான் ஒரே டீமில் விழுந்தோம்.

படங்கள் நான் வரைந்தேன். மவுஸால் வரைவது செங்கலைப் பிடித்துக்கொண்டு எழுதுகிற மாதிரி. பஸ்ஸின் சக்கரம் வட்டமாக வருவதற்கே எனக்கு ஒரு வாரம் போயிற்று.

ஒலி முழுக்க அவன். பஸ் இரைச்சலுக்காக டேப் ரிக்கார்டரோடு வண்ணார்பேட்டையில் போய் நின்றான். ஆட்டின் சத்தம் அவன் வீட்டு ஆட்டினுடையது. பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பதிவான குரல் திரையில் மேடும் பள்ளமுமாக நிற்கும். அதில் வேண்டாததைத் தேடித் தேடி வெட்டுவான். லேபைப் பூட்ட லேப் அசிஸ்டென்ட் எலியேசர் சார் சாவியோடு வந்து நிற்கும்வரை வெட்டுவான்.

பேசுவது என் வேலை என்று முதலிலேயே முடிவாகியிருந்தது. எக்ஸ்டர்னல் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். பரமசிவன் மவுஸைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"நிஜக் கண்டக்டரையே கூட்டிட்டு வந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டார் எக்ஸ்டர்னல்.

"கடைசில பேரு வரும் சார்," என்றேன். சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டேன். அந்த நிமிஷத்தில் எனக்கு அரியர் பயமெல்லாம் போய்விட்டது.

பஸ் பாளை பஸ்டாண்டில் நின்றது. ஆடு இறங்கித் தன் பாட்டுக்குப் போயிற்று. திரை கறுப்பாகி, எங்கள் பெயர்கள் கீழிருந்து மேலே ஏறின. கண்டக்டரின் குரல் அவற்றை வாசித்தது.

படம், ரீபா.

ஒலி, ப.

ப. ப. ப.

எழுத்து மேலே போய் மறைந்துவிட்டது. குரல் மட்டும் அங்கேயே நின்றது.

"சவுண்டு கார்டு சிக்கிக்கிச்சு போல," என்றார் எக்ஸ்டர்னல்.

எலியேசர் சார் பாய்ந்து போய் ஸ்பீக்கர் கேபிளை ஆட்டினார். கேபிள் அவர் கையில் இருக்கும்போதே குரல் முடித்தது. பரமசிவன்.

நேற்று போட்டுப் பார்த்தபோது அந்த இடம் சுத்தமாக இருந்தது. அவன் அதை வெட்டிச் சரிசெய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

பரமசிவன் எழுந்து நின்றான்.

"சி... சிக்கல சார். அது நா... நான்தான்."

அவனுக்குத் திக்கும் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கண்டக்டர் அவன்தான் என்பது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

"அப்ப அந்தக் கண்டக்டர்?"

"அ... அதுவும் நான்தான் சார். வெளிய இருந்து எ... எதையும் சேக்கல. தி... திக்குனத மட்டும் வெட்டுனேன்."

அத்தனையையும் வெட்டியவன், தன் பெயரில் வெட்டியதை மட்டும் இன்று காலையில் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

போன வருஷம் வைவாவுக்கு வந்தவர் அவனிடம் பெயரைத்தான் முதலில் கேட்டார். அவன் சொல்லி முடிப்பதற்குள், சரி போதும் உட்கார் என்று கையைக் காட்டிவிட்டார். தெரிந்த பதில்களையெல்லாம் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்தான்.

இந்த எக்ஸ்டர்னல் மார்க் போடும் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனா மூடியைக் கழற்றினார்.

"உன் பேரென்னப்பா?"

பழக்கத்தில் நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

பரமசிவன் நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தான். அவன் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

"இ... இப்பத்தான ஸ்பீக்கர்ல கேட்டிய சார்."

எக்ஸ்டர்னல் தலையாட்டினார். அப்புறம் யாரையும் கேட்காமல், குனிந்து, முழுப் பெயரையும் எழுதினார்.