பக்கத்து வீட்டு ரசிகர்

"உருளைக்கிழங்கு வேகவே இல்ல. உப்பு வேற, வாயில வைக்க முடியல" என்றாள் மனைவி, வழக்கம்போல.

சர்வேயருக்குச் சுருக்கென்றது. ஓய்வு பெற்ற கையோடு கரண்டியைப் பிடித்தவர் அவர். வேலைக்குப் போய்க் களைத்து வருகிறாளே என்றுதான் இத்தனை பாடும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் 'நல்லா இருக்கு' என்று சொன்னால் இவள் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

"ரசனைன்னா என்னன்னு பக்கத்து வீட்டு சாரைப் பார்த்துக் கத்துக்க. தினம் ஒரு தூக்கு குடுக்கறேன். அதுவே பத்தலைங்கறார்."

"அப்போ அவருக்கே ஆக்கிப் போடுங்க."

"போடத்தான் போறேன்! நாளையிலேருந்து உனக்குச் சமைக்க மாட்டேன். ஓட்டல்ல பார்த்துக்க!"

சொன்ன சூட்டோடு, சட்டியில் இருந்ததையெல்லாம் தூக்குவாளியில் வழித்துப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தார்.

வாசலில் ஆளில்லை. கொல்லைப்புறத்தில் பேச்சுக் குரல் கேட்டது. சமையல் மிச்சத்தைப் போட்டு கேஸ் எடுக்கும் தொட்டி ஒன்றை அந்த வீட்டுக்காரர் அங்கே வைத்திருந்தார். பழுது பார்க்க வந்த மெக்கானிக் அதன் மூடியைத் திறந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"மொதல்ல அடுப்பு ஜோரா எரிஞ்சுதுப்பா. இப்போ டீ போடக்கூட கேஸ் வரல. நானும் தினம் ஒரு தூக்கு நிறையக் கொட்டறேன்."

"என்னத்தை சார் கொட்டறீங்க?"

"பக்கத்து வீட்டுக்காரர் சமையலைத்தான். ஒரே உப்பு, வாயில வைக்க முடியாது. ஆஹா ஓஹோன்னு ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும், மனுஷன் அள்ளி அள்ளிக் குடுப்பார்!"

"அதானே பார்த்தேன்! உள்ளே இருக்கிற கிருமிங்க தின்னாத்தான் சார் கேஸ் வரும். இவ்வளவு உப்பைக் கொட்டினா அதுங்க எப்படிப் பிழைக்கும்?"

சர்வேயர் சத்தம் போடாமல் தூக்குவாளியோடு திரும்பினார். முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டில் மனைவி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் அவள் தட்டு. வேகாத கிழங்கில் ஒரு துண்டுகூட அதில் மிச்சமில்லை.

அவர் தூக்குவாளியை மேஜைமேல் வைத்தார்.

"கிருமிகூடத் தின்ன மாட்டேங்குதாம். நீ எப்படிம்மா இத்தனை நாளா இதைச் சாப்பிட்டே?"

"எப்படிச் சாப்பிட்டேன்? திட்டிக்கிட்டேதான்!"