வீட்டுக்கு ஒரு திறப்பு

"உது சரிவராது முதலாளி. வேறை காட்டுங்கோ."

பஞ்சலிங்கம் பூட்டைத் திரும்பக் கடைப் பலகையில் வைத்தான். கரவெட்டிப் பக்கத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த இராசநாயகத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொம்பிளை பார்க்கப் போனவன்கூட இத்தனை குறை சொல்லமாட்டான்.

"பஞ்சன், உது ஏழு லீவர் பூட்டு. கள்ளன் விடிய விடிய நிண்டு மினைக்கெட்டாலும் திறக்கேலாது." பெயரைப் பாதியாக்கிக் கூப்பிடுவது அவருடைய வழக்கம்.

"கள்ளனை விடுங்கோ. உதுக்கு ரண்டு திறப்புத்தானே இருக்கு?" என்று பூட்டில் தொங்கிய சாவிகளைக் காட்டினான் பஞ்சலிங்கம்.

"வேறை எத்தினை வேணும்? தலைவர் நீ. ஒண்டை மடியிலை கட்டு, மற்றதை வீட்டிலை வை."

பக்கத்தில் நின்ற அக்கா பூரணம் சிரித்துவிட்டாள். "திறப்பு இவன்ரை மடியிலை இருந்தால், நாளைக்கு இவன் தலைவர் இல்லை, உடையார். ஒரு பேப்பர் பாக்கிறதெண்டாலும் சனம் இவன்ரை வாசலிலை போய்க் காத்து நிக்கவேணும்."

"அக்கா சொல்லுறது சரிதான்" என்றான் பஞ்சலிங்கம், கொஞ்சமும் கோபிக்காமல்.

தம்பி வாசிகசாலையின் தலைவன், அக்கா பொருளாளர். அது அறுபத்திரண்டாம் ஆண்டு மார்கழி. வருகிற பொங்கலன்று வாசிகசாலையின் புதுக் கட்டிடத்துக்குத் திறப்புவிழா. எல்லா வேலையும் முடிந்துவிட்டது, வாசற்கதவுக்குப் பூட்டுத்தான் இன்னும் அமையவில்லை.

மழை துமிக்கத் தொடங்கியது. பூரணம் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

இராசநாயகம் உள்ளே போய் இன்னொன்றை எடுத்துவந்து பலகையில் வைத்தார். வளையம் வளையமாக இலக்கம் பொறித்த பித்தளைப் பூட்டு. "சிங்கப்பூர்ச் சாமான். திறப்பே தேவையில்லை. இலக்கம் தெரிஞ்சால் காணும்."

பூரணம் அதை எடுத்து வளையங்களை உருட்டிப் பார்த்தாள். வடிவான பூட்டு. அவளுக்கு அதில் ஆசை விழுந்தது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

"இலக்கம் வாசிக்கத் தெரியாத சனமும் எங்களிட்டை இருக்கு முதலாளி. தெரிஞ்சவை பேப்பர் வாசிக்க, பக்கத்திலை இருந்து கேக்கிறதுக்கு வருங்கள். அதுகளும் தாங்களாத் திறந்து உள்ளுக்கு வரவேணும்."

"அப்ப வங்கியிலை மாதிரி, ரண்டு பேர் ரண்டு திறப்போடை வந்தால்தான் திறபடுற பூட்டு..."

"ஒருதன் கோவிச்சுக்கொண்டு தன்ரை திறப்போடை கண்டிக்கு றெயில் ஏறினானெண்டால்?" என்று இடைமறித்தான் பஞ்சலிங்கம்.

"உதொண்டும் வேண்டாமெண்டால் வாசலிலை ஒரு காவல்காரனைப் போடுங்கோ."

"வாறவனை நீ ஆரெண்டு கேக்க ஒரு ஆளோ?" பூரணத்தின் முகம் மாறியது. "உவனை விடலாம், உவனை விடக்கூடாதெண்டு பாக்கிற ஆள் எங்கடை வாசலிலை வேண்டாம்."

இராசநாயகம் குரலைத் தாழ்த்தினார். "நான் உங்கடை நன்மைக்குத்தான் சொல்லுறன். முந்தி உங்கடை ஓலைக் கொட்டிலுக்கு ஆரோ நெருப்பு வைச்சவங்கள். புத்தகம், வாங்கு, மேசை ஒண்டும் மிஞ்சேல்லை. திரும்ப வந்தாங்களெண்டால்?"

பஞ்சலிங்கம் நிமிர்ந்தான். அந்தக் கொட்டிலின் சாம்பலைத் தன் கையால் அள்ளிக் கொட்டியவன் அவன்.

"இப்ப ஓலையில்லை முதலாளி. கல்லுக் கட்டிடம். ஓடு போட்டு, சீமெந்துத் தரை இழைச்சிருக்கிறம். கல்லு உடைச்சது எங்கடை பெடியள். மண் சுமந்தது எங்கடை பொம்பிளையள். கதவு, யன்னல் முழுக்க அத்தான்ரை கைவேலை. வெளியிலையிருந்து ஒரு கூலியாள் பிடிக்கேல்லை. பின்னேர வெய்யில் பட்டால் அந்தச் சுவர் என்னமாதிரி வெளிக்குது தெரியுமோ!"

சொல்லச் சொல்ல அவன் குரல் உயர்ந்தது. பெருமைதான். அதை ஒளித்துவைக்க அவனுக்குத் தெரியவில்லை.

"சரியப்பா, சரி. அப்ப என்னதான் வேணும் உனக்கு?"

"சாதாரணக் கதவுப் பூட்டு ஒண்டு. அதுக்கு வீட்டுக்கு ஒரு திறப்பு. எங்கடை குறிச்சியிலை எத்தினை வீடோ, அத்தினை திறப்பு."

"விசரே உனக்கு? எல்லாருக்கும் திறப்பைக் குடுத்தால் பிறகென்னத்துக்குப் பூட்டு?"

"ஆடு வந்து பேப்பரைத் தின்னாமல் இருக்க" என்றாள் பூரணம்.

இராசநாயகத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சலிங்கம் சிரிக்கவில்லை.

"பகிடியில்லை முதலாளி. படிக்கிற பிள்ளை விடியப்புறம் வரும். தோட்டத்துக்குப் போறவன் பொழுதுபட்டாப் பிறகு வருவான். ஒருத்தரும் ஒருத்தரையும் கேட்டுக்கொண்டு வாசலிலை நிக்கக்கூடாது. அத்திவாரம் வெட்டின அண்டைக்கே எல்லாருமா எடுத்த முடிவு."

மழை வலுத்தது. இராசநாயகம் தலையைச் சொறிந்தபடி சாதாரணப் பூட்டு ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தார். திறப்புகளைப் பட்டணத்தில் வெட்டுவித்துத் தருவதாகவும் சொன்னார். பஞ்சலிங்கம் காசைப் பலகையில் வைத்தான், அவர் எடுத்துக்கொண்டார்.

"நீ சொல்லுறதைக் கேக்க எனக்கும் உந்தக் கட்டிடத்தை ஒருக்காப் பாக்க ஆசையாக் கிடக்கு. நான் வந்தால் எனக்கும் ஒரு திறப்புத் தருவியோ?" என்று பகிடியாகக் கேட்டார்.

"உங்களுக்கேன் திறப்பு முதலாளி? பொங்கலண்டு வாங்கோ. ஒருத்தரும் மறிக்க மாட்டினம், நேரை உள்ளுக்கு வரலாம். முன்வரிசையிலை கதிரை போட்டிருப்பம்."

இராசநாயகத்தின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பஞ்சலிங்கம் பூட்டைச் சால்வைக்குள் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அக்காவும் தம்பியும் தலை நிமிர்ந்து தெருவுக்கு நடந்தார்கள். உச்சி முதல் உள்ளங்கால்வரை இருவரும் தெப்பமாக நனைந்திருந்தார்கள். அவ்வளவு நேரமும் அவர்கள் நின்று பேரம் பேசியது முற்றத்து மழையில், அவர்கள் சாதிக்காரர் எவரையும் இன்றுவரை ஏறவிடாத அந்தக் கடைப் படிக்குக் கீழே.