மூன்றில் தொடங்கினால் 153

“ஜெஸின்னு ஒரு பேரு இருக்கணுமே மேடம், நல்லாப் பாருங்க!”

பதிவு மேசையில் பட்டியலில் விரலை ஓட்டிய ஷிஜா உதட்டைப் பிதுக்கினாள். “உண்டு. பட்சே, பேரை அடிச்சிருக்கு. ஸ்கூலுக்குப் போகாம ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல மட்டும் படிச்சுப் பரீட்சை எழுதறவங்க வேண்டாம்னு கமிட்டியில சொல்லிட்டாங்க.”

“தமிழ் மீடியம் பத்தாம் வகுப்புக்கான கணிதப் போட்டின்னுதானே நோட்டீஸ் போட்டிருக்கீங்க? ஞாயித்துக்கிழமை படிச்சா அது பத்தாம் வகுப்பு இல்லையா?”

லிபி நகர்வதாக இல்லை. ஷிஜா உள்ளே போய்ப் பேசிவிட்டு, போட்டி எண் எழுதிய அட்டையோடு திரும்பி வந்தாள். “கடைசிப் பேரா சேர்த்திருக்கு.”

ஏழாம் வகுப்போடு நின்றுபோன படிப்பை ஜெஸி மறுபடி தொடங்கிய நாள் முதல், அதிகாலையில் எழுப்பிக் கணக்குச் சொல்லித் தருவது லிபிதான். இன்றைக்கும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

அட்டையை ஜெஸியின் தோளில் ஊக்கால் குத்தினாள். “தண்ணி குடி. வீட்டுல எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லு, போதும்.”

கடைசியாக மேடையேறிய ஜெஸி, கரும்பலகையில் 3 என்று எழுதினாள்.

“இதோட கனம், அதாவது மூணு மூணைப் பெருக்கினா, 27. இனி ரெண்டையும் ஏழையும் தனித்தனியா கனமாக்கிக் கூட்டினா 351. அதே மாதிரி 351-க்குச் செஞ்சா 153. அதுக்குமேல எத்தனை தடவை செஞ்சாலும் 153-தான்.”

நடுவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எல்லா எண்ணுக்கும் இப்படித்தானா?”

“இல்ல சார். மூணால வகுபடுற எண்ணுக்கு மட்டும்.”

“அப்போ 3999?”

லிபி நாற்காலி நுனிக்கு வந்தாள். இந்த எண்ணை அவளும் ஜெஸியும் போட்டுப் பார்த்ததே இல்லை.

சாக்பீஸ் தயங்காமல் ஓடியது. 2214. 81. 513. 153.

கூட்டம் கைதட்டியது. நடுவர் விடவில்லை. “எங்கேயாவது தப்பிப் போகாதுன்னு எப்படிச் சொல்றீங்க?”

“பெரிய எண்ணெல்லாம் சுருங்கிச் சுருங்கி 2916-க்குள்ள வந்தே தீரணும் சார். அதுக்குள்ள மூணால வகுபடுறது 972 எண். எல்லாத்தையும் போட்டுப் பார்த்துட்டேன். மூணு நோட்டு தீர்ந்துபோச்சு.”

நடுவர் எழுந்து நின்றே கைதட்டினார். முதல் பரிசு ஜெஸிக்கு என்று அறிவித்தபோது, பட்டியலில் பேரை அடித்த கமிட்டிக்காரர்கள்கூடத் தட்டினார்கள்.

லிபியின் பக்கத்தில் ஸ்ரீவராகம் பகுதியிலிருந்து வந்திருந்த ராமசுப்ரமணியன் உட்கார்ந்திருந்தார். அவர் மகனும் போட்டியில் பேசியிருந்தான். இரண்டாம் பரிசு.

“பேஷ்! என் பையன் தோத்ததுல எனக்கு வருத்தமே இல்லை. என்னமா பேசறா! ஜெஸி உங்களுக்கு என்ன வேணும்?”

லிபி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று வரிசைக்குக் கேட்கும்படி சொன்னாள்:

“எனக்க அம்மை சார். அடுத்த மாசம் ஐம்பத்திரண்டு வயசு ஆகுது. என்னைப் படிக்க வச்சு, நான் டீச்சரான மறுவாரமே, ‘இனி எனக்க முறை’ன்னு படிப்பில சேர்ந்தா!”