ஒன்று ஐந்து

போதை ஊசியைக் கைவிட முயல்பவர்களுக்காக இம்பாலில் ஒரு மருந்தகம். நர்ஸ் பிரமோதினி தினமும் ஊசிக்குப் பதிலான மாத்திரையைப் பொடித்து அவர்கள் நாக்கின் அடியில் வைத்து, கரையும்வரை பார்த்திருப்பாள். ஒரு மணிக்கு மருந்து கொடுக்கும் ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

செவ்வாயன்று நாவோச்சா ஐந்து நிமிடம் தாமதமாக வந்தான்.

"அக்கா, சைக்கிள் பஞ்சர்!"

"தெனம் ஒரு கதை. நாளைக்கு வா."

அன்று மாலையே எங்கோ ஊசி போட்டுக்கொண்டு செத்துப்போனான்.

புதனன்று ஒன்று ஐந்துக்கு ஜன்னல் தட்டும் சத்தம். திறந்தால் யாருமில்லை. பிரமோதினி நாவோச்சாவுக்கான மாத்திரையைப் பொடித்து, ஒரு கரண்டியில் வைத்து வெளியே நீட்டினாள். கரண்டி ஈரமாக, வெறுமையாகத் திரும்பியது.

கரைய ஏழு நிமிடம் ஆகும். காத்திருந்தாள்.

"நாக்கத் தூக்கு, பாக்கலாம்."

மருந்தின் கசப்பு வாடையோடு ஒரு மூச்சு அவள் முகத்தில் பட்டது.

"நாளைக்கும் வா, தம்பி" என்றாள்.