சக்களத்தி

லாரி ஓட்டும் கணவன் வீட்டுக்கு வந்து போனாலே அவளுக்கு அந்த இடத்தில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் ஆரம்பித்துவிடும். மருந்து போட்டால் அடங்கும். அடுத்த முறை வந்தானோ இல்லையோ, மறுபடியும் அதே தொல்லை.

"எவகிட்ட வாங்கிட்டு வந்து எனக்குக் குடுக்கறீங்க?"

"சத்தியமா யாரும் இல்லடி."

அவள் நம்பவில்லை. இந்த முறை அவனையும் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

"அவ யாருன்னு நீங்களே கேளுங்க டாக்டர்!"

டாக்டரம்மா அவளைப் பரிசோதித்தார். "இது பூஞ்சைத் தொற்றும்மா. இது வர்றதுக்கு இன்னொருத்தி தேவையில்ல. அங்க சோப்பு கீப்பு போடறீங்களா?"

அவள் குரல் இறங்கியது. "இவர் வர்ற அன்னிக்கு மட்டும் வாசனை லோஷன் ஊத்தி உள்ள வரைக்கும் கழுவுவேன்."

"அதுதான் கிளப்பிவிடுது. வெறும் தண்ணி போதும். எதுக்கு இந்த வேலை?"

"அந்தச் சிறுக்கி எப்படி மணக்கறாளோ! அவளுக்கு நான் சளைச்சவளா?"

கணவன் நிமிர்ந்தான்.

"பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கியே, அந்த பாட்டிலா? எனக்காகவா? நான் ஊர்ல இல்லாதப்ப எவனுக்கோன்னு நெனச்சு இத்தனை நாளா வயிறெரிஞ்சுக்கிட்டு இருந்தேன்டி!"