கதவோரத்து இருக்கை

"பேர் சொல்லுங்க. யாரையும் விட்டுடாதீங்க" என்றார் மேடையில் நின்றிருந்த முதிய நடிகர்.

வெள்ளை அங்கி அணிந்திருந்தார். இரண்டு கைகளிலும் ஒரு மரக்கிண்ணம், காலடியில் தொட்டியோடு ஒரு பெரணிச் செடி.

இறந்துபோன நாடகக்காரர் ஒருவரின் பெயரை யாராவது இருக்கையில் இருந்தபடி சொல்வார்கள். முதியவர் கிண்ணத்துத் தண்ணீரில் கொஞ்சம் செடிக்கு ஊற்றுவார். அரங்கம் முழுவதும் "ஆஷே" என்று சொல்லி அதை ஆமோதிக்கும். இது முடியாமல் சிகாகோவின் கறுப்பின நாடக விருது விழாவில் ஒரு விருதையும் கையில் எடுக்க மாட்டார்கள்.

ஆர்னெட்டா கடைசி வரிசையில், கதவோரத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் வாங்கியிருந்தது ஐந்தாம் வரிசையில் நட்டநடு இருக்கை. உட்கார்ந்த சற்று நேரத்தில் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண்மணி வந்து குனிந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆட்களை உட்கார வைக்கிற அதே மிடுக்கு. "வாங்க சிஸ்டர், உங்களுக்குத் தோதா ஒரு இடம் இருக்கு."

தன் முழங்கால் படும் பாட்டை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்று ஆர்னெட்டா நினைத்துக்கொண்டாள்.

முதல் வரிசையில் லெமுவேலின் பின்னந்தலை தெரிந்தது. அவளுடைய தம்பி. இன்றைக்கு வாழ்நாள் விருது அவனுக்குத்தான்.

விழா தொடங்குமுன் வெளிக்கூடத்தில், மாலையும் கைகுலுக்கலுமாக நின்றவனின் கண்கள் அவள்மேல் பட்டு நகர்ந்துபோயின. அவள் கோபப்படவில்லை. முடி பஞ்சாகிவிட்டது, உடம்பு பாதியாகிவிட்டது. யாருக்குத்தான் அடையாளம் தெரியும்?

கலிஃபோர்னியாவின் ஓக்லண்டிலிருந்து ரயிலேறியபோது அவள் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்திருந்தாள். அவன் வாயால் தன் பெயரைக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு அவன் திட்டினாலும் சரி.

பல வருடங்களுக்கு முன், இதே ஊரில் மூடிக்கிடந்த ஒரு மரச்சாமான் கடையில் இருவருமாகத்தான் நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். புதிய நாடகத்தின் முதல் நாள், முதல் அங்கம் முடிந்ததும் அவள் வேஷத்தைக்கூடக் கலைக்காமல் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். கலிஃபோர்னியாவில் தொலைக்காட்சி வாய்ப்பு காத்திருந்தது. காரும் காத்திருந்தது.

இரண்டாம் அங்கம் நடக்கவே இல்லை. லெமுவேல் தனியாகத் திரைக்கு முன்னால் வந்து நின்று, கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பினான்.

அதன்பிறகு அவள் தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம், குரலைக் கேட்டதும் வைத்துவிடுவான். ஒரு கட்டத்தில் அவளும் அழைப்பதை விட்டுவிட்டாள்.

பெயர்கள் வந்துகொண்டிருந்தன. ஓர் ஒளியமைப்பாளர். ஒரு பாடகி. ஆஷே. ஆஷே.

பக்கத்தில் இருந்த மஞ்சள் தலைக்கட்டுக்காரி கைப்பையைத் துழாவி ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை நீட்டினாள். "போன வருஷம் ஒரு கூத்து. கிழவர் ஒருத்தரோட பேரைச் சொல்லித் தண்ணியும் ஊத்திட்டாங்க. மனுஷன் பின்னாடியிருந்து எழுந்து, 'ஏய், நான் இன்னும் வாடகை கட்டிட்டுதான்டா இருக்கேன், அந்தத் தண்ணியத் திருப்பி எடு'ன்னு ஒரே சத்தம்!"

ஆர்னெட்டா சிரித்துக்கொண்டே மிட்டாயை வாயில் போட்டாள்.

அப்போது முதல் வரிசையில் லெமுவேல் எழுந்தான்.

"ஆர்னெட்டா பெட்வே."

பெயரின் பாதியில் குரல் உடைந்தது.

தண்ணீர் விழுந்தது. அரங்கம் "ஆஷே" என்றது. தலைக்கட்டுக்காரி தன்னைப் பார்ப்பதைக் கண்டு ஆர்னெட்டாவும் சொன்னாள். "ஆஷே."

"அவரோட அக்கா. பாவம், கலிஃபோர்னியாவுல போய்ச் சேர்ந்துட்டாங்க போல. உங்களுக்குத் தெரியுமா அவங்களை?"

"கொஞ்சம்."

"நல்லா நடிப்பாங்களாமே?"

"முதல் பாதி நல்லா நடிப்பா" என்றாள் ஆர்னெட்டா.

யாரோ தவறான செய்தியைச் சொல்லியிருக்கிறார்கள். இவனும் நம்பியிருக்கிறான். அழுதிருக்கிறான். இத்தனை வருடங்களில் அவள் இல்லாத ஊரில் ஒருவன் அவளுக்காக அழுதிருக்கிறான்.

அவளும் அந்தக் கிழவரைப்போல எழுந்து கத்தலாம். அரங்கமே சிரித்துக் கைதட்டும். ஆனால் இது அவனுடைய நாள். அதன் நடுவிலும் புகுந்து கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நடிகர்கள் வெளியேறும் பின்வாசலில் போய் நின்றுகொள்ளலாம். அவன் வரும்போது, "லெம்" என்று கூப்பிட்டால் போதும். சின்ன வயதில் அவனை அப்படிக் கூப்பிட்டது அவள் மட்டும்தான்.

விருதுகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் லெமுவேலின் பெயரை அறிவித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கூட்டம் கலைவதற்குள் போய்விட இதுதான் நேரம். ஆர்னெட்டா கோலை ஊன்றி மெதுவாக எழுந்தாள்.

அவள் போய்ச் சேருமுன்பே கதவு திறந்தது. வெள்ளைக் கையுறைக்காரி புன்னகைத்தாள்.

"அவர் சரியாத்தான் சொல்லியிருக்காரு, சிஸ்டர்."

"யாரு?"

"பெட்வே சார்தான். வெளிக்கூடத்துல உங்களைப் பாத்ததுமே என்னைக் கூப்பிட்டு, 'அந்தம்மாவைக் கதவோரமா உக்கார வைங்க, அவங்க எப்பவுமே முடியறதுக்குள்ள எழுந்து போயிடுவாங்க'ன்னாரு."

ஆர்னெட்டாவின் நாக்கில் மிட்டாயின் குளிர்ச்சி இன்னும் மிச்சமிருந்தது.

ஒலிபெருக்கியில் லெமுவேலின் குரல் கேட்டது. "உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க."

அரங்கம் உட்கார்ந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய இருக்கை, யாரும் உட்கார்ந்தே இராததுபோல, தானாக மடங்கியிருந்தது.

வெள்ளைக் கையுறை கதவைத் திறந்து பிடித்தபடியே இருந்தது.